நெல்மூட்டை யாருடையது? காம்பியா ஆற்றங்கரைக் குறிப்புகள்

பிப்ரவரி 10, திங்கள்: பஞ்சூல் – பாரா

காலை எட்டு மணிக்கே காம்பியத் தலைநகர் பஞ்சூலின் படகுத்துறையில் கூட்டம் நெருக்கியடித்தது. சகாராவிலிருந்து வீசும் ஹர்மட்டான் காற்று ஆற்றின் மேல் புழுதியைப் போர்த்தியிருந்தது. எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாததால் படகு கிளம்ப மூன்று மணி நேரமாயிற்று. ஆனாலும் யாரும் சலித்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் வறுத்த கடலையை ஒரு பிடி அள்ளி என் கையில் கொட்டிவிட்டு நலம் விசாரிக்கத் தொடங்கினார். வீட்டார் எப்படி, வேலை எப்படி, இரவு நன்றாகக் கழிந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ‘கைரா தோரோங்’, அதாவது அமைதி மட்டுமே, என்றுதான் பதில் சொல்ல வேண்டும். இந்த விசாரிப்பு முடியும் முன் வந்த வேலையைப் பற்றிப் பேச்செடுப்பது இங்கே மரியாதைக் குறைவு. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு வரும் வெளிநாட்டு நிபுணர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். காம்பியாவின் மத்திய ஆற்று மண்டலத்தில் பழைய பாசனக் கால்வாய்களைப் புதுப்பிக்க ஒரு திட்டம் தயாராகிறது. ஒப்புதல் தருவதற்கு முன் நிதியளிப்பவர்கள் பாலினப் பகுப்பாய்வு கேட்கிறார்கள். தண்ணீர் வந்தால் வேலை யார் தலையில் விழும், வரவு யார் கைக்குப் போகும், இப்போது யாரிடம் இருப்பது பறிபோகும் என்று களத்துக்குப் போய்ப் பார்த்து முன்கூட்டியே எழுதித் தரும் வேலை இது. பெரும்பாலான திட்டங்களில் எல்லாம் முடிவான பிறகு பின்னால் ஒட்டப்படும் அத்தியாயமாகத்தான் இது இருக்கிறது. காம்பியாவில் அப்படிச் செய்தால் மன்னிப்பே கிடையாது. இந்தத் துறையில் பாடம் படித்தவர்கள் அநேகமாக எல்லோருமே இந்த நாட்டு நெல்வயல்களைப் பற்றிப் படித்திருப்பார்கள்.

மூன்று பக்கம் செனகல், ஒரு பக்கம் கடல், நடுவில் ஓர் ஆறு, அதன் இரு கரைகள். நாடு மொத்தமும் அவ்வளவுதான். மக்கள்தொகை சுமார் 24 லட்சம். ஆற்றைக் கடந்து பாராவில் இறங்கியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. தபாலாபா என்ற நீள ரொட்டியைப் பிளந்து, அவித்த காராமணியும் வெங்காயமும் வைத்துப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். காம்பியப் பணம் தலாசி. ரொட்டிக்கு நாற்பது தலாசி, நம் பணத்தில் ஐம்பது ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. காரம் தூக்கலாக இருந்தது, வயிறு நிறைந்தது.

பிப்ரவரி 11, செவ்வாய்: கெரவான்

வடகரைச் சாலையில் கெரவானில் இறங்கினோம். எங்கள் திட்டத்துக்கும் இந்த ஊருக்கும் தொடர்பில்லை. இங்குள்ள தோட்டங்களை நேரில் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

1970களின் வறட்சியில் ஆண்களின் பயிரான நிலக்கடலை நொடித்துப்போனது. அப்போது இந்தப் பகுதிப் பெண்கள் கிணறு வெட்டி, வேலி கட்டி, கோடையில் காய்கறி போட ஆரம்பித்தார்கள். வெளிநாட்டு அமைப்புகள் கிணற்றுக்கும் வேலிக்கும் பணம் கொடுத்தன. வெங்காயமும் தக்காளியும் விற்ற காசில் சில வீடுகளில் மனைவியின் வருமானம் கணவனின் வருமானத்தைத் தாண்டியது. 1980களின் நடுவில் சுற்றுச்சூழல் அக்கறை பெருகவே, அதே மாதிரி அமைப்புகள் தோட்டங்களுக்குள் பழமரம் நடச் சொன்னார்கள். தோட்டம் போட்டவர்கள் பெண்கள் என்றாலும், நிலத்தின் மூல உரிமை ஆண்களின் வம்சங்களிடம் இருந்தது. அந்த நிலக்காரர்கள் தோட்டத்துக்குள் மரம் நட்டார்கள். நிலத்தில் மரம் நட்டவனுக்கு அங்கே பிடிமானமும் வந்துவிடுகிறது. மாங்கன்றுக்கும் தண்ணீர் ஊற்றியவர்கள் பெண்கள்தான். ஐந்தாறு வருடத்தில் மாமரம் விரிந்து நிழல் பரப்ப, கீழே இருந்த காய்கறிப் பாத்திகள் வெளிறிப்போயின. ரிச்சர்ட் ஷ்ரோடர் என்ற அமெரிக்கப் புவியியலாளர் இங்கேயே தங்கி இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். பெண்களும் சும்மா இருந்துவிடவில்லை. கிளைகளை வெட்டினார்கள், சிலர் மரத்துக்குத் தீயும் வைத்தார்கள்.

மரம் நல்லது, எல்லோருக்கும் பொது என்று சொல்லும் யாரையும் இந்தத் தோட்டத்தின் நடுவில் ஒரு மணி நேரம் நிற்க வைக்க வேண்டும். கிணற்று விளிம்பில் கயிறு அறுத்த தடங்கள் விரல் நுழையும் ஆழத்துக்கு இருந்தன. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வாளியை இறக்கி, இழுத்து, இரண்டு பூவாளிகளில் நிரப்பி, பாத்திக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தார். வெங்காயப் பாத்தி ஒன்று நனைய நான்கு நடை. அவர் பங்குக்குப் பல பாத்திகள். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. மரத்துக்கு ஊற்றும் தண்ணீரையும் இந்தக் கைகள்தான் இறைக்கின்றன. இந்த உழைப்புக்குத் திட்ட மதிப்பீட்டில் ஒரு வரி கூடக் கிடையாது.

கிளம்பும்போது அவர் ஒரு கட்டு லெட்யூஸ் கீரையைக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தும் கேட்கவில்லை.

பிப்ரவரி 12, புதன்: ஜன்ஜன்பூரே

நாளெல்லாம் வண்டிப் பயணம். ஃபராஃபென்னியைத் தாண்டியதும் டயர் பஞ்சர். மாற்று டயரிலும் காற்றில்லை. ஓட்டுநர் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போனார். சாலையோரத்து வீட்டார் எங்களைக் கூப்பிட்டு, பாய் விரித்து உட்கார வைத்தார்கள். சாப்பாட்டு நேரம். பெரிய எனாமல் கிண்ணத்தில் பெனாச்சின் வந்தது. மீனும் காய்கறியும் குருணை அரிசியும் ஒரே பானையில் வேகும் சோறு. ஆண்கள் ஒரு கிண்ணத்தைச் சுற்றி, பெண்களும் குழந்தைகளும் இன்னொன்றைச் சுற்றி. கிண்ணத்தில் அவரவருக்கு நேராக இருக்கும் பகுதியைத்தான் வலக்கையால் எடுத்து உண்ண வேண்டும். நடுவில் இருக்கும் மீனை வீட்டின் மூத்த பெண் பிய்த்துப் பிய்த்து விருந்தாளி பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். என் பக்கம் மீன் குவிந்தது, அவர் பக்கம் வெறும் சோறு.

சோறு ருசியாக இருக்கிறது, எந்த ஊர் அரிசி என்று கேட்டேன். உள்ளே போய்ச் சாக்கை எடுத்துவந்து காட்டினார்கள். இந்தியா என்று அச்சிட்டிருந்தது. நெல் விளையும் ஆற்றங்கரையில் வாழ்ந்தாலும் இந்த நாடு தின்னும் அரிசியில் பெரும்பங்கு கப்பலில்தான் வருகிறது. 2022 செப்டம்பரில் இந்தியா குருணை ஏற்றுமதியைத் தடை செய்தபோது இங்கே கலக்கம் பிறந்தது. 2023-இல் அரசு வழியாக 50,000 டன் குருணையை காம்பியாவுக்கு அனுப்ப இந்தியா தனி அனுமதி கொடுத்தது. இப்படி ஒரு நாட்டில் உள்ளூர் நெல்லைப் பெருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. யாருடைய உழைப்பில், யாருடைய பத்தாயத்துக்கு என்பதில்தான் வழக்கு.

டயர் வந்து சேர மாலை நான்காகிவிட்டது. வாசு என்ற ஊரின் பழங்காலக் கல்வட்டங்களை வண்டியிலிருந்தே பார்த்துக்கொண்டு ஓடினோம். லாமின் கோட்டோவில் சின்னப் படகில் ஆற்றைக் கடந்து ஜன்ஜன்பூரே தீவுக்கு வந்தபோது இருட்டிவிட்டது. விடுதியில் மின்விசிறி இருந்தது, மின்சாரம் இல்லை.

பிப்ரவரி 13, வியாழன்: பச்சார்

பத்து மணிக்கு ஊர் நடு மரத்தடி மேடையில் கூட்டம் என்று சொல்லியிருந்தார்கள். ஊர்த் தலைவரான அல்காலோ வந்தார், பெரியவர்கள் வந்தார்கள். பெண்களில் மூன்று பாட்டிகள் மட்டும். மற்றவர்கள் எங்கே என்று கேட்டால், நாற்றங்காலில் என்றார்கள். அல்காலோவிடம் அனுமதி கேட்டுக்கொண்டு வயலுக்கு நடந்தோம். காலணியைக் கழற்றிவிட்டு வரப்பில் இறங்கியதும்தான் இன்றைய வேலை தொடங்கியது.

நடவு நடந்துகொண்டிருந்தது. இரண்டடி அகலத்துக்கு ஒருவராக வரிசை கட்டிக் குனிந்து, பின்னோக்கி நகர்ந்து நட்டார்கள். இடக்கையில் நாற்றுமுடி, வலக்கைப் பெருவிரல் சேற்றில் குழி போட, மற்ற விரல்கள் நாற்றைச் செருகின. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. முதுகில் துணியால் கட்டிய குழந்தைகள் அந்த ஆட்டத்திலேயே தூங்கின.

இங்கு வாழும் மண்டிங்கா இன மக்களிடம் நெல் பெண்களின் பயிர், கடலை ஆண்களின் பயிர். சதுப்பைத் திருத்தி, விதையைத் தேர்ந்து, தாயிடமிருந்து மகளுக்கு வயலைக் கொடுத்து வந்தவர்கள் பெண்கள். 1966 முதல் தைவான், 1973-இல் உலக வங்கி, 1975-இல் சீனா என்று அடுத்தடுத்து இங்கே பாசன நெல் திட்டங்கள் வந்தன. எல்லாமே விதை, உரம், கடன், பயிற்சி அத்தனையையும் ஆண்களிடம் கொடுத்தன. விவசாயி என்றால் ஆண் என்று முடிவெடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறியிருந்தார்கள். ஜென்னி டே என்ற ஆய்வாளர் 1981-இல் இதை விரிவாக எழுதினார்.

அதற்குப் பின் வந்தது 1984-இன் ஜஹாலி–பச்சார் திட்டம். ரோமில் இருக்கும் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தோடு வேறு பலரும் சேர்ந்து பணம் போட்டார்கள். சுமார் 1,500 எக்டேர் சதுப்பு, வருடத்துக்கு இரு போகம். பழைய திட்டங்களின் குறையைப் போக்கி, பெண்களுக்கு நிலம் தருவோம் என்று அறிவித்தே தொடங்கினார்கள். முதலில் பாத்திகள் ஆண்களின் பெயருக்குப் போயின. பெண்கள் விடாமல் எதிர்க்கவே, பதிவேட்டைத் திருத்திப் பெரும்பாலானவற்றைப் பெண்கள் பெயரில் எழுதினார்கள். அறிக்கையில் வெற்றி என்றும் பதிவாயிற்று.

வயலில் நடந்தது வேறு. இங்கே குடும்ப நிலம் இரண்டு வகைப்படும். ‘மாருவோ’ என்பது வீட்டுக்குப் பொதுவான வயல். எல்லோரும் உழைக்க வேண்டும், விளைச்சல் குடும்பத் தலைவரின் பொறுப்பில் போகும். ‘கமன்யாங்கோ’ என்பது தனியாளின் வயல். அதில் விளைவது விளைவித்தவருக்கே சொந்தம், விற்கலாம், சேர்க்கலாம், மகளுக்கு நகை வாங்கலாம். மாருவோவில் உழைப்பவருக்குக் கமன்யாங்கோ கேட்கும் உரிமை உண்டு. பெண்களின் சதுப்பு வயல்களில் பெரும்பகுதி கமன்யாங்கோவாக இருந்தது. திட்டம் வந்து பாத்தி போட்டதும், பெயர் யாருடையதாக இருந்தாலும், இது வீட்டு நெல்லுக்கான நிலம், ஆகவே மாருவோ என்று ஆண்கள் நிலைநாட்டிக்கொண்டார்கள். இரு போகம் வந்ததால் பெண்களின் உழைப்பு ஏறக்குறைய இரட்டித்தது, தனி வயலுக்குப் போக நாளும் இல்லை, நிலமும் இல்லை. ஜூடித் கார்னி என்ற புவியியலாளர் 1980களில் இங்கே தங்கி, வீட்டுக்கு வீடு இந்தச் சண்டை எப்படிப் போனது என்று எழுதினார். சில வீடுகளில் பெண்கள் ஒரு தனிப் பாத்தி வாங்கினார்கள். சில வீடுகளில் விளைச்சலில் பங்கு பெற்றார்கள். எதுவும் கிடைக்காதவர்கள் வீட்டு வயலுக்கு வரமாட்டோம் என்று நின்று, கூட்டாகச் சேர்ந்து கூலிக்கு நடவு நட்டார்கள். குடும்பங்களின் மொத்த வருமானம் கூடியது என்று கணக்கெடுப்புகள் சொன்னதும் உண்மை. நெல்லின் மீது பெண்ணுக்கு இருந்த தனி உரிமை சுருங்கியதும் உண்மை.

1984-இல் குமரியாக இருந்த ஒருவர் வாய்க்காலுக்கு அப்பால் கை நீட்டிக் காட்டினார். அவருடைய தாயின் வயல் அங்கே இருந்ததாம். “பாத்தியை என் அம்மா பெயரில்தான் எழுதினார்கள். அந்தக் காகிதத்தை அம்மா தகரப் பெட்டியில் வைத்திருந்தாள். நெல் அப்பாவின் அறையில் இருந்தது” என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: “நீங்கள் கொண்டுவரும் தண்ணீர் எந்த வயலுக்கு?”

என் பையிலிருந்த வினாப்பட்டியல் முழுவதிலும் இந்தக் கேள்விக்கு நிகரான ஒன்று கிடையாது.

பிப்ரவரி 14, வெள்ளி: பச்சார்

தொழுகை நாள் என்பதால் காலை வேலை சீக்கிரம் முடிந்தது. பெண்களின் கூட்டுக்குழுவான காஃபோவோடு நிழலில் உட்கார்ந்தோம். மொழிபெயர்க்க வந்த இளைஞர், ஒருவர் ஐந்து நிமிடம் பேசியதை “அவருக்கு உரம் வேண்டுமாம்” என்று சுருக்கினார். ஊர்ப் பள்ளியின் ஆசிரியை ஒருவரைக் கேட்டுக்கொண்டோம். அவர் வந்தபின் ஐந்து நிமிடப் பேச்சு ஐந்து நிமிடமாகவே வந்தது.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு கடலை என்று தரையில் வைத்து நாளைப் பிரித்தோம். ஐந்து மணிக்கு முன் எழுந்து தண்ணீர், உரலில் தானியம் குத்துதல், கஞ்சி, நாற்றங்கால், மதியச் சமையல், மீண்டும் வயல், தோட்டம், விறகு, இரவுச் சமையல். ஓய்வுக்கு வைத்த கடலையை ஒரு பெண் எடுத்துக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டார், எல்லோரும் சிரித்தார்கள். 1980களில் ஹார்வர்டில் வகுத்த சட்டகத்தைத்தான் இன்றும் எங்கள் துறையில் பலர் கையாள்கிறார்கள். யார் என்ன வேலை செய்கிறார், எது யார் கைக்கு எட்டுகிறது, எதன் மீது யாருக்கு அதிகாரம் என்று அட்டவணை போட வேண்டும். நல்ல கருவிதான். ஆனால் ‘நிலம்’ என்று ஒரே வரி போட்டால் பச்சாரில் அது பொய்யாகிவிடும். மாருவோவுக்கு ஒரு வரி, கமன்யாங்கோவுக்கு ஒரு வரி, கோடைக்குத் தனி, மழைக்காலத்துக்குத் தனி என்று பிரித்தால்தான் உண்மை வெளியே வரும்.

மாலையில் ஆண்களோடு அட்டாயா. பச்சைத் தேயிலையைச் சின்னக் கெட்டிலில் கொதிக்க வைத்து, உயரத் தூக்கி ஆற்றி, மூன்று சுற்று தருவார்கள். முதல் சுற்று கசப்பு, கடைசியில் வெறும் இனிப்பு. ஒரு பெரியவர் மாருவோவுக்காக வாதாடினார். ஆகஸ்டில் பழைய நெல் தீர்ந்து புது நெல் வராத மாதங்களில், மருமகள் பிள்ளை என்று பார்க்காமல் முப்பது பேருக்குச் சோறு போடுவது அந்தப் பொது வயல்தான் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பொது வயலை ஒழித்துவிட்டால் முதலில் பட்டினி கிடப்பது குழந்தைகள்தான். தண்ணீரோடு வரும் கூடுதல் உழைப்பையும் கூடுதல் விளைச்சலையும் முழுவதும் பொது வயலுக்கே கொடுத்துவிடுவதைத்தான் நான் ஏற்கமாட்டேன். அவரிடமும் அப்படியே சொன்னேன். யோசித்துவிட்டு, தன் மனைவியர் இருவருக்கும் தனிப் பாத்தி உண்டு என்றார். அது மேட்டில் இருக்கிறது, தண்ணீர் ஏறாது என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

அவருடைய இரண்டு மகன்கள் பாலைவனம் கடந்து ஐரோப்பாவுக்குப் போய்விட்டார்கள். ஒருவரிடமிருந்து பணம் வருகிறது. இன்னொருவரிடமிருந்து செய்தி இல்லை. பெரியவர் அதைச் சொன்னபோது கெட்டிலை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தார். ஊரில் இல்லாத ஆண்களின் பெயரில் இருக்கும் பாத்திகளையும் பெண்களே பார்க்கிறார்கள்.

பிப்ரவரி 15, சனி: ஜன்ஜன்பூரே

திட்டப் பொறியாளர்களோடு கூட்டம். சுவரில் வரைபடம், மேசையில் பாத்திப் பட்டியல். பட்டியல் குடும்பத் தலைவர்களின் பெயரில் தயாராகவே இருந்தது. மதிய வெயில் 38 டிகிரி, ஜெனரேட்டர் சத்தம், குரல் உயர்த்தித்தான் பேச வேண்டியிருந்தது.

தண்ணீர்க் குழுவில் முப்பது சதவீதம் பெண்கள் என்று ஏற்கெனவே எழுதியிருக்கிறோமே, போதாதா என்று கேட்டார்கள். போதாது. நாற்காலியில் உட்காருபவருக்கு நெல்லில் பங்கில்லை என்றால் அந்த நாற்காலியால் என்ன பயன்? பட்டியலில் ஒரு பெயருக்குப் பதில் மூன்று கட்டங்கள் வேண்டும் என்றேன். நிலம் யார் பெயரில், உழைப்பு யாருடையது, விளைச்சல் யாருடையது. அடுத்தது, தண்ணீர் ஏறும் பரப்பில் எவ்வளவு பாத்தி கமன்யாங்கோவாக இருக்கும் என்பதை ஊரும் காஃபோவும் பேசி முடித்த பிறகுதான் அளவுக்கல் நட வேண்டும். ஜஹாலி–பச்சாரில் அதைப் பேசாமல் விட்டதால்தான் பதிவேட்டில் திருத்திய பெயர்கள் காகிதத்தோடு நின்றன. முறைப்பாசனத்தை இரவில் வைக்காதீர்கள், இருட்டில் பெண்களால் தனியே மடை திறக்க முடியாது என்பதையும் சொன்னேன். அது உடனே ஏற்கப்பட்டது, வரைபடத்தில் பென்சிலால் குறித்தும்கொண்டார்கள்.

தமிழ்நாட்டில் இதெல்லாம் எப்படி என்று இளம் பொறியாளர் ஒருவர் கேட்டார். இதே ரோம் நிதியத்தின் உதவியோடு 1989-இல் தருமபுரியில் பெண்களின் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கப்பட்டதையும், பின்னர் மாநிலம் முழுவதும் மகளிர் திட்டமாக அது விரிந்ததையும் சொன்னேன். கடன் பெண்ணின் பெயரில் வந்தாலும் அந்தப் பணத்தில் வாங்கிய மாடு யாருடையது என்ற கேள்வி எங்கள் ஊரிலும் இன்னும் முடியவில்லை என்றும் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் நல்ல கேள்விகள்.

பிப்ரவரி 17, திங்கள்: தென்கரைச் சாலை

சோமாவில் மதிய உணவு. தோமோதா, அரைத்த கடலையில் செய்த கெட்டிக் குழம்பு, சோற்றின் மேல் ஊற்றி நூறு தலாசி. கூடவே புளிச்சைப் பூவில் செய்த வோஞ்சோ, ஐஸ் போட்டு இருபது தலாசி. இந்தப் பயணத்தில் சாப்பிட்டதிலேயே இதுதான் முதல் இடம்.

நேற்று மாலை காஃபோவிடம் முடிவுகளைப் படித்துக் காட்டினோம். மூன்று கட்டப் பட்டியலுக்குத் தலையசைத்தார்கள். பகல் முறைக்குக் கைதட்டினார்கள். அளவுக்கல்லை நடவு முடியும் வரை தள்ளிவைப்பதாகப் பொறியாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். எழுத்தில் இன்னும் தரவில்லை. கடன் விவகாரம் மட்டும் தீரவில்லை. உரத்துக்கும் உழவுக்கும் தரும் முன்பணத்தை அறுவடையில் நெல்லாகப் பிடித்துக்கொள்வது 1984 முதலே இங்கே உள்ள வழக்கம். பெண் பெயரில் கடன், குடும்பத் தலைவர் கையில் நெல் என்று ஆனால் அடைக்க வேண்டியவர் யார்? கடன் யார் பெயரிலோ அந்தப் பாத்தியின் நெல்லும் அவர் பெயரிலேயே எடை போடப்பட வேண்டும் என்று அறிக்கையில் ஒரு ஷரத்து சேர்த்திருக்கிறேன். நிதிப் பிரிவு இதை நடைமுறைக்கு ஒவ்வாதது என்கிறது. எடை போடும் இடத்தில் ஒரு கூடுதல் சீட்டு எழுதுவதில் என்ன நடைமுறைச் சிக்கல் என்று கேட்டு வண்டியிலிருந்தே பதில் அனுப்பிவிட்டேன். மழைக்கு முன் அடுத்த கூட்டம். அந்த ஷரத்து இல்லாத அறிக்கையில் நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்பதையும் அதிலேயே சொல்லிவிட்டேன்.